பழைய சுப்பர் நிண்டெண்டோவுக்கு வேற்று நிறுவனக் கொன்ட்ரோலர்: குறை எங்கே இருக்கிறது என்று பிரித்தறிவது

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதம் இது. கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த சுப்பர் நிண்டெண்டோ என்ற பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி (கொன்சோல்) ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதனுடன் வந்த அசல் கொன்ட்ரோலரில் இடப்பக்கத் திசை மட்டும் வேலை செய்வதில்லை. அதற்குப் பதிலாகக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து எடுப்பித்த, வேறொரு நிறுவனம் செய்த வயர்க் கொன்ட்ரோலரில் பொத்தானை அழுத்தினால் திரையில் உருவம் பாய்வது பிந்துகிறது; டெட்ரிஸ் கட்டையைக் கீழே இறக்கப் போனால் அது பக்கத்துக்கும் நகர்கிறது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடிய வயரில்லாக் கொன்ட்ரோலர் வாங்குவதா, அல்லது லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்புவதாகச் சொல்லும் ஐரோப்பிய அசலுக்குக் காத்திருப்பதா என்று கேட்கிறீர்கள். எந்த நிறுவனம் நல்லது என்று பலர் உங்களுக்குப் பெயர்களை அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் தீர்க்கவேண்டியது, நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளில் எது கொன்ட்ரோலருடையது என்பதே. யாழ்ப்பாணத்தில் தொலைக்காட்சி, வானொலி, கணினி என்று இலத்திரனியல் பொருட்களைத் திருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். விளையாட்டுப் பெட்டிகளும் அந்த மேசைக்கு வந்துபோவதுண்டு. அந்தப் பழக்கத்தில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டை பக்கத்துக்கு நகர்வது நிச்சயமாகக் கொன்ட்ரோலரின் குறை; பாய்ச்சல் பிந்துவது பெரும்பாலும் தொலைக்காட்சியின் குறை; உங்கள் அசல் கொன்ட்ரோலர் இன்னும் சாகவில்லை.

ஏன் இவ்வளவு துணிந்து சொல்கிறேன் என்பதற்கு, அந்தக் கொன்ட்ரோலர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சுப்பர் நிண்டெண்டோ 1990 நவம்பரில் யப்பானிலும், 1991இல் வட அமெரிக்காவிலும், 1992இல் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. அதன் கொன்ட்ரோலருக்குள் கணிக்கும் சில்லு எதுவும் இல்லை. 12 பொத்தான்களின் நிலையையும் ஒரே கணத்தில் பிடித்துவைத்து, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வயர் வழியே வெளியே தள்ளிவிடும் பெயர்வுப் பதிவகம் மட்டுமே உண்டு. 4021 என்ற எண்ணுடைய சாதாரணச் சில்லு இரண்டைத் தொடுத்தாலும் அதே வேலை நடக்கும். கொன்சோல் முதலில் 'பிடித்துக்கொள்' என்று ஒரு துடிப்பை அனுப்புகிறது. அதன் பின் 16 துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொத்தானின் நிலை வந்து சேர்கிறது: பி, வை, செலெக்ற், ஸ்ராட், மேல், கீழ், இடம், வலம், ஏ, எக்ஸ், எல், ஆர் என்ற ஒழுங்கில் 12 இடங்களும், அதன் பின் வெறுமையான 4 இடங்களும். ஒரு துடிப்புக்கு 12 மைக்குரோசெக்கன் என்றால், முழு வாசிப்பும் ஏறத்தாழ 0.2 மில்லிசெக்கனில் முடிந்துவிடுகிறது. கனடாவிலிருந்து வந்த உங்களுடையது வட அமெரிக்கப் பதிப்பு; அதில் இது செக்கனுக்கு 60 தடவை, திரையில் ஒரு சட்டகம், அதாவது ஒரு முழுப் படம், வரையப்படும் ஒவ்வொரு முறையும், நடக்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விடயம் கிடைக்கிறது. துடிப்புகளை அனுப்புவது கொன்சோல். கொன்ட்ரோலர் அந்த வேகத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லத் தவறினால் அந்தப் பதில் பிந்தி வராது, பிழையாக வரும், அல்லது வராமலே போகும். அதாவது வயர்க் கொன்ட்ரோலரின் சுற்றில் குறை இருந்தால், அழுத்தாத பொத்தான் அழுத்தியதாகத் தெரியும், அழுத்தியது தெரியாமல் போகும், இரண்டு பொத்தான்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சீராக, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பிந்துவது அதன் இயல்பில் இல்லை. இதில் ஒரு விதிவிலக்கை நான் மறைக்கக் கூடாது: தொடரடி வசதி (பொத்தானைப் பிடித்திருந்தாலே திரும்பத் திரும்ப அழுத்தியதாகக் காட்டுவது) வைத்த சில மலிவுக் கொன்ட்ரோலர்களில் பெயர்வுப் பதிவகத்துக்குப் பதிலாக, தானே கணிக்கும் சிறு சில்லான நுண்கட்டுப்படுத்தி ஒன்று இருக்கிறது. அது பொத்தான்களைத் தன் வசதிக்கு ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டு, கொன்சோல் கேட்கும்போது பழைய நிலையைச் சொல்லக்கூடும். அப்படியானாலும் இழப்பு ஒரு சட்டகத்தைத் தாண்டுவது அரிது என்றே நினைக்கிறேன். உங்களுடையதைத் திறந்து பார்க்காமல் அது எந்த வகை என்று சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை, ஏனென்றால் கீழே தரும் சோதனை இரண்டு வகைக்கும் பொருந்தும்.

பிந்துதல் வேறெங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு செக்கனின் 60இல் ஒரு பங்கு என்பது 16.7 மில்லிசெக்கன். கொன்சோல் வாசித்து முடித்த மறுகணம் நீங்கள் பொத்தானை அழுத்தினால், அடுத்த வாசிப்பு வரை அந்த 16.7 மில்லிசெக்கனும் காத்திருக்க வேண்டும். இது அசல் கொன்ட்ரோலருக்கும் உள்ளதுதான். அதற்கு மேல் ஒவ்வொரு விளையாட்டும் தன் கணக்கை முடித்துப் படத்தை வரைய ஒன்றோ இரண்டோ சட்டகங்கள் எடுக்கும். இவை அனைத்தும் 1991இலும் இருந்தவை. அன்று யாரும் முறையிடவில்லை, ஏனென்றால் அன்றைய படக்குழாய்த் தொலைக்காட்சி வந்த சமிக்ஞையை வந்த கையோடு திரையில் கீறிவிடும். இன்றைய தட்டைத் தொலைக்காட்சி அப்படிச் செய்வதில்லை. சட்டகத்தை முதலில் நினைவகத்தில் எடுத்து, பெரிதாக்கி, மெருகூட்டி, பிறகே காட்டுகிறது. சுப்பர் நிண்டெண்டோ பெரும்பாலும் அனுப்புவது 240 வரியை இடைவெளியின்றி வரையும் படம். பல தொலைக்காட்சிகள் இதை ஒன்றுவிட்ட வரிகளாக வரும் 480 வரிப் படம் என்று தவறாக எடுத்துக்கொண்டு, இல்லாத வரிகளை இட்டுநிரப்பப் பார்க்கின்றன. அதில் படமும் மங்குகிறது, நேரமும் போகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியை இடையில் போட்டிருந்தால், அதே தவறை அந்தப் பெட்டியும் ஒருமுறை செய்யக்கூடும். மொத்தமாக 50 முதல் 100 மில்லிசெக்கன் வரை பிந்துவது புதுமையில்லை. அதாவது மூன்று முதல் ஆறு சட்டகம். பள்ளத்தின் விளிம்பில் வைத்துப் பாய்பவருக்கு அது உயிர் போகும் அளவு.

இதை ஊகமாக விட்டுவிட வேண்டாம், வீட்டிலேயே நிறுவலாம். உங்கள் அசல் கொன்ட்ரோலரில் இடப்பக்கம் மட்டும்தான் செத்திருக்கிறது, பாயும் பொத்தான் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே உங்களுக்கு வாய்த்த அளவுகோல். கைத்தொலைபேசியில் மெதுவோட்டப் பதிவு இருந்தால், செக்கனுக்கு 240 படம் எடுக்கும்படி வைத்து, பெருவிரலும் திரையும் ஒரே பார்வையில் விழும்படி நிறுத்துங்கள். முதலில் அசலின் பி பொத்தானை அழுத்திப் பாய்ந்து பதிவெடுங்கள். எதையும் மாற்றாமல் கொன்ட்ரோலரை மட்டும் மாற்றி மறுபடி எடுங்கள். பதிவில் பொத்தான் முழுக்கத் தாழ்ந்த படத்துக்கும் உருவம் நிலத்தை விட்டெழும் படத்துக்கும் இடையில் எத்தனை படம் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 4 மில்லிசெக்கன். மேலே சொன்ன வாசிப்புக் காத்திருப்பால் ஒரே கொன்ட்ரோலரிலேயே தடவைக்குத் தடவை நான்கு படம் வரை வேறுபடும்; ஆகவே ஒரு தடவை எடுத்து முடிவுகட்டாமல், பல தடவை எடுத்துச் சராசரியைப் பாருங்கள். பொத்தான் எந்தக் கணத்தில் மின்தொடுகை கொள்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது என்ற குறைபாடு இந்த முறைக்கு உண்டு. ஆனால் இரண்டு கொன்ட்ரோலரையும் ஒரே கண்ணால் பார்ப்பதால் ஒப்பீட்டுக்கு அது பெரிதாகக் குறுக்கே நிற்காது. இரண்டு சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் கொன்ட்ரோலர் குற்றமற்றது. தொலைக்காட்சியின் அமைப்பில் விளையாட்டு நிலை (கேம் மோட்) இருந்தால் அதை இயக்கி, இடைப்பெட்டி இருந்தால் கழற்றிவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.

அயலில் யாரிடமாவது பழைய தடித்த தொலைக்காட்சி இருந்தால் இன்னும் நல்லது. இலங்கையின் தொலைக்காட்சி முறை பிஏஎல் (PAL), உங்கள் கொன்சோல் அனுப்புவது அமெரிக்க முறையான என்ரிஎஸ்சி (NTSC). எனவே பழைய பெட்டியில் படம் கறுப்பு வெள்ளையாக வரக்கூடும், சிலவற்றில் ஓடிக்கொண்டும் இருக்கும். நிலையாக நின்றால் போதும். பிந்துகிறதா என்று பார்க்க நிறம் தேவையில்லை. இங்கு 50 ஹேட்ஸ் மின்சாரம் என்பதால்தான் விளையாட்டு மெதுவாகிறது என்று உங்களுக்கு ஒருவர் சொல்லியிருப்பதையும் மறந்துவிடுங்கள். கொன்சோலின் வேகத்தைத் தீர்மானிப்பது அதனுள்ளே இருக்கும் பளிங்கு அலையாக்கி, சுவர் மின்சாரம் அல்ல. 120 வோல்ற்று அடப்ரரை நமது 230 வோல்ற்றில் நேரே சொருகாமல் இறக்கு மின்மாற்றி வைத்து ஓட்டுகிறீர்கள், அது சரியான வேலை. உள்ளே 7805 என்ற சீராக்கி 5 வோல்ற்றை நிலையாக வைத்திருப்பதால் கொன்ட்ரோலர் வரைக்கும் அந்த வேறுபாடு போவதில்லை.

இனித் திசைப் பொத்தான். வேற்று நிறுவனக் கொன்ட்ரோலர் ஒன்றை மதிப்பிட என்னிடம் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்றால், அந்த நிமிடம் முழுவதையும் இதற்கே செலவழிப்பேன். இந்தச் சிலுவை வடிவத்தை நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவிக்காக அமைத்தார். அதன் நுட்பம் சிலுவையில் இல்லை, அதன் அடியில் நடுவில் இருக்கும் குமிழில் இருக்கிறது. நான்கு கைகளும் அந்தக் குமிழின் மேல் ஏற்றப்பலகை போல ஆடுகின்றன: இடக்கை தாழ்ந்தால் வலக்கை உயர்ந்தே ஆகவேண்டும். இதனால் இடமும் வலமும் ஒருசேர அழுத்தப்படுவது இயலாது; கீழே அழுத்தும்போது பக்கத்துக் கைகள் இரண்டும் நடுநிலையில் நிற்கும். மலிவாகச் செய்பவர்கள் இந்தக் குமிழைக் குட்டையாக வார்த்துவிடுகிறார்கள், அல்லது குமிழின் உயரத்துக்குப் பொருந்தாத உயரமான, மென்மையான இறப்பரைக் கீழே போடுகிறார்கள். அப்போது சிலுவை ஆடுவதற்குப் பதிலாக முழுதாக அமுங்குகிறது. நீங்கள் கீழே என்று அழுத்துவது கீழும் இடமுமாக அல்லது கீழும் வலமுமாகப் போய்ச் சேர்கிறது. உங்கள் டெட்ரிஸ் கட்டை பக்கத்துக்கு நகர்வது இதனால்தான்.

இதற்கான சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். டெட்ரிஸ் போதும், உங்களிடமே இருக்கிறது. பெருவிரலை நடுவிலிருந்து சற்றே விலக்கி, அதாவது சாதாரணமாக எல்லோரும் வைக்கும் அலட்சியத்துடன் வைத்து, கீழ்த்திசையை அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை. பிறகு சிலுவையின் நட்டநடுவை நேராகக் கீழே அழுத்துங்கள்: நல்ல கொன்ட்ரோலரில் எதுவும் நடக்கக் கூடாது. அதன்பின் இடத்தைப் பிடித்தபடியே விரலின் மறுபுறத்தால் வலத்தை அழுத்தப் பாருங்கள். இரண்டும் ஒருசேரப் பதிவானால் குமிழ் இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை. பல விளையாட்டுகள் எதிரெதிர்த் திசைகள் ஒன்றாக வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அப்படி வந்தால் விசித்திரமாக நடந்துகொள்ளும். மறுபக்கம், கீழும் வலமும் சேர்ந்தது போன்ற மூலைத்திசையே வராத அளவுக்கு விறைப்பாக இருப்பதும் குறைதான். சண்டை விளையாட்டில் கீழிருந்து முன்னோக்கிக் கால்வட்டம் உருட்டி ஒரு குத்து விடும்போது, இடையிலுள்ள மூலைத்திசை தவறாமல் பதிய வேண்டும். ஸ்றீற் பைற்றர் 2 போன்ற விளையாட்டில் பத்து உருட்டலுக்கு ஏழெட்டாவது வெளிவராவிட்டால், உங்கள் கையை நோவதற்கு முன் அசலில் ஒருமுறை வலப்பக்கம் பார்த்து உருட்டிப் பாருங்கள். இந்த இரண்டு குறைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்றைத் தீர்க்கப்போய் மற்றதில் விழுந்த கொன்ட்ரோலர்கள் நிறைய உண்டு. விலைக்கும் இதற்கும் நான் கண்டவரை உறுதியான தொடர்பு இல்லை.

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது, அல்லது கடைக்காரர் மறுக்கிறார் என்றால் திறந்து பார்க்கலாம். உள்ளே மூன்று பொருட்களைப் பாருங்கள். முதலாவது இறப்பர்: ஒவ்வொரு பொத்தானின் கீழும் குவிமாடம் போன்ற ஒரு மேடும், அதன் அடியில் மின்கடத்தும் கறுப்புக் கரிவில்லையும் இருக்கும். வில்லை தனியாகப் பதிக்கப்பட்டதா, அல்லது கறுப்புப் பூச்சு மட்டுமா என்று பாருங்கள். பூச்சு வேகமாகத் தேயும். இரண்டாவது சுற்றுப்பலகையின் தொடுகைத் தடங்கள்: அவற்றின் மேல் கரிப்படலம் பூசியிருக்க வேண்டும். வெறும் செம்பு மினுங்கினால், குருநகரிலோ பருத்தித்துறையிலோ கடற்காற்று படும் வீட்டில் அது நீண்டகாலம் தாங்காது. பச்சைக் களிம்பு பிடிக்கும். மூன்றாவது வயர் உள்ளே நுழையும் இடம்: இழுப்பு முழுவதையும் ஒட்டுப்புள்ளிகளே தாங்குகின்றனவா, அல்லது வயர் பெட்டியின் பிளாஸ்ரிக் தூண்களைச் சுற்றி வளைந்து வருகிறதா என்பது முக்கியம். சில்லு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் துளி ஒன்று இருப்பதைக் கண்டு மனம் சலிக்க வேண்டாம். மலிவான உற்பத்தி முறை என்பதைத் தவிர அது எந்தக் குற்றத்துக்கும் சான்றல்ல. மூலைத்திசைக் குறைக்கு ஒரு கைவைத்தியமும் உண்டு: திசைப் பொத்தானின் நான்கு தொடுகைத் தடங்களிலும், அயல் திசையை நோக்கிய ஓரங்களை மெல்லிய ஒட்டுநாடாத் துண்டால் மறைத்துவிட்டால், தவறுதலாகச் சாயும் இறப்பர் வெறும் நாடாவில் முட்டி நின்றுவிடும். சாதாரண நாடாவின் பசை நமது வெயிலில் இளகி வழியும். வெப்பம் தாங்கும் மஞ்சள் பொலியிமைட் நாடா கிடைத்தால் நல்லது. இது குமிழின் குறையை மாற்றாது, விளைவைக் குறைக்கும், அவ்வளவுதான்.

மற்றப் பொத்தான்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுப்பர் மாரியோ வேர்ல்ட் விளையாடுபவர்கள் பெருவிரல் நுனியால் வை பொத்தானைப் பிடித்து ஓடிக்கொண்டே, விரலை எடுக்காமல் அதன் அடிப்பகுதியைப் பி மீது உருட்டிப் பாய்வார்கள். அமெரிக்க அசலில் எக்ஸ், வை இரண்டும் குழிந்தும், ஏ, பி இரண்டும் மேடாகவும் இருக்கும். யப்பானிய, ஐரோப்பிய அசல்களில் நான்கும் மேடு. வேற்று நிறுவனங்கள் தமக்கு வசதியானதைச் செய்கின்றன. இது பழக்கம் சார்ந்த விடயம்; ஆனால் பொத்தான்களின் இடைவெளி அசலை விடக் கூடியிருந்தால் அந்த உருட்டல் வராது, அதற்குப் பழகவும் முடியாது. தொடரடிச் சுவிச்சு இருந்தால் அது தற்செயலாக இயங்கிய நிலையில் கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொத்தான் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று என்னிடம் வந்த சிலவற்றுக்கு அந்தச் சுவிச்சைத் தள்ளிவிட்டதே முழு வைத்தியமாக இருந்தது.

புதிதாக வாங்கிய எதையும் கொன்சோலில் சொருகுவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு காரியத்தை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பிளக்கில் ஏழு துளைகள் உண்டு: சதுர முனைப்பக்கம் நான்கு, வளைந்த முனைப்பக்கம் மூன்று. சதுர ஓரத்தின் கடைசித் துளை 5 வோல்ற்று, வளைந்த ஓரத்தின் கடைசித் துளை நிலம். மல்ரிமீற்றரைத் தடை அளக்கும் நிலையில் வைத்து அந்த இரண்டுக்கும் இடையில் பாருங்கள். சுழியத்தை ஒட்டிய அளவு காட்டினால் உள்ளே குறுக்குச்சுற்று இருக்கிறது, அதைச் சொருகவே கூடாது. கொன்சோலுக்குள் ஒரு சிறு உருகி இருப்பது உண்மைதான். ஆனால் முப்பது ஆண்டு தாண்டிய ஒரு பெட்டியின் உருகியை நம்பிப் பரிசோதனை செய்வது புத்தியல்ல. பிளக் இறுக்கமாக இருந்தால் பலாத்காரமாகத் தள்ள வேண்டாம்; கொன்ட்ரோலர் போனால் இன்னொன்று வாங்கலாம், கொன்சோலின் முகப்பில் உள்ள ஊசி முறிந்தால் இங்கே மாற்றுப் பாகம் கிடைப்பது கடினம். எங்கள் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் குடாநாட்டில் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்ததால், இந்தக் கருவிகளின் உச்சக்காலம் எங்களைத் தொடாமலே போனது. பின்னாளில் இங்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் கசெற் போட்டு விளையாடும் சீனப் போலிப் பெட்டிகள். அவற்றின் கொன்ட்ரோலர்கள் பலவற்றில் ஒன்பது துளைப் பிளக் இருக்கும். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் விளையாட்டுப் பெட்டியின் கொன்ட்ரோலர் பிளக்கும் அதே உருவம். உருவம் ஒன்றானாலும் உள் வயர்த்தொடுப்பு வேறு. பெட்டிக்குள் கிடக்கும் பழைய கொன்ட்ரோலரின் வயரை வெட்டி உங்கள் கொன்சோலுக்குப் பொருத்தித் தருவதாக யாராவது சொன்னால், ஒவ்வொரு வயரையும் மீற்றரால் பார்த்து இனங்காண்பவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

உங்கள் அசல் கொன்ட்ரோலருக்கு வருகிறேன். இதில் எனக்கு ஐயம் மிகக் குறைவு. 12 பொத்தான்களின் செய்தியும் ஐந்தே வயர்களில் போகிறது: 5 வோல்ற்று, நிலம், இரண்டு துடிப்பு வயர்கள், ஒரு தரவு வயர். இவற்றில் எது அறுந்தாலும் முழுக் கொன்ட்ரோலரும் குழம்பும். இடப்பக்கம் மட்டும் சாகாது. ஆகவே வயர் மாற்றவேண்டும் என்று உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். குறை அந்த ஒரு தொடுகையில்தான்: தடத்தில் அழுக்கு, அல்லது கரிவில்லை தேய்ந்தது, அல்லது இறப்பர் கிழிந்தது. பின்புறத்தில் சாதாரணக் கூட்டல் தலைத் திருகாணிகள் ஐந்து இருக்கும். கழற்றித் திறந்து, இறப்பரை எடுத்துவிட்டு, பலகையைக் கொன்சோலில் சொருகியபடியே இடப்பக்கத் தடத்தின் இரு பாதிகளையும் ஒரு சிறு வயர்த் துண்டால் தொடுத்துப் பாருங்கள். உருவம் இடப்பக்கம் போனால் பலகையும் சில்லும் நலம், குற்றவாளி இறப்பர். போகாவிட்டால் தடத்தில் வெடிப்பு இருக்கலாம், அதைத் தூரத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. யாராவது நேரில் பார்க்க வேண்டும். பலகையை ஐசோப்புரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். இறப்பரை மென்மையான சவர்க்கார நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கரிப்படலத்தை உப்புத்தாளால் உரசுவது மட்டும் வேண்டாம். ஒரு கிழமைக்கு நன்றாக வேலை செய்யும், பிறகு உரச எதுவும் மிஞ்சாது. சோளகக் காற்றுக் காலத்துப் புழுதியும் மாரிக்கால ஈரமும் சேர்ந்து இந்தத் தொடுகைகளில் படிந்துவிடுவதால், பாவிக்காத நாட்களில் மூடியுள்ள பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றுடன் வைப்பது நல்லது.

வயரில்லாக் கொன்ட்ரோலர் உங்கள் இரண்டு குறைகளில் எதையும் தீர்க்காது. தொலைக்காட்சி பிந்துவது அப்படியே இருக்கும். அதன் மேல் வானொலி இணைப்பின் சில மில்லிசெக்கன்களும் சேரும். நன்றாகச் செய்த 2.4 கிகாஹேட்ஸ் வகைகளில் அந்தச் சேர்க்கையை நான் உணர்ந்ததில்லை என்பது உண்மை. ஆனால் நான் கையாண்ட வகைகள் சிலவே, எல்லாவற்றுக்கும் அதைப் பொதுவாக்க மாட்டேன். அதே அலைவரிசையில்தான் உங்கள் வீட்டு வைபை ரௌற்றரும் பேசுகிறது. ரௌற்றர் தொலைக்காட்சி மேசையிலேயே இருந்தால் இடையிடையே அழுத்தல் விடுபடுகிறதா என்று கவனிக்க வேண்டும். பற்றரி இன்னொரு கேள்வி: திறந்து மாற்றக்கூடியதா, அல்லது ஒட்டப்பட்டதா? மாசி முதல் ஆவணி வரை ஓட்டின் கீழுள்ள அறைகளில் இருக்கும் சூட்டில் லிதியம் பற்றரிகள் வேகமாக முதுமையடைகின்றன; உப்பிய பற்றரியுடன் பின்மூடி திறந்தபடி வந்த கொன்ட்ரோலர்களைப் பார்த்திருக்கிறேன். மேசைக்கும் கதிரைக்கும் இடையில் வயர் கிடப்பதில் பிள்ளைகள் தடக்கி விழுகிறார்கள் என்பதற்காக வாங்குவதானால் வாங்குங்கள், அது நியாயமான காரணம். வாங்கும்போது, கொன்சோலில் சொருகும் ஏழு துளைப் பிளக் கொண்ட சமிக்ஞை வாங்கும் பெட்டியுடன் வருகிறதா என்று பாருங்கள். தோற்றத்தில் அச்சொட்டாக இருக்கும் பல கொன்ட்ரோலர்கள் கணினிக்கான யூஎஸ்பி வகைகள், அவை உங்கள் கொன்சோலில் சொருகவே முடியாதவை.

கடைசியாக மச்சானின் விடயம். ஐரோப்பியப் பதிப்புக் கொன்ட்ரோலர் பிளக்கில் ஒன்றாகத்தான் இருக்கும், சொருகினால் அழகாகப் பொருந்தும், ஆனால் உங்கள் அமெரிக்கக் கொன்சோலில் வேலை செய்யாது. அதன் துடிப்பு வயர்கள் இரண்டிலும் உள்ளே, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் வைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பியக் கொன்சோல் அதற்கேற்ற இழுதடைகளுடன் (வயரை 5 வோல்ற்றுப் பக்கம் இழுத்துவைக்கும் தடைகள்) செய்யப்பட்டது, அமெரிக்கக் கொன்சோலில் அவை இல்லை. எதிர்த்திசையில், அமெரிக்கக் கொன்ட்ரோலர் ஐரோப்பியக் கொன்சோலில் வேலை செய்யும். டயோட்டுகளின் குறுக்கே சிறு வயர் ஒட்டிக் குறுக்கிவிட்டால் லண்டன் கொன்ட்ரோலரும் உங்களிடம் ஓடும். ஒட்டிரும்பு பிடிக்கத் தெரிந்தவருக்கு அது பத்து நிமிட வேலை. ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் ஒரு அசலைத் திறந்து அதைச் செய்ய நான் விரும்ப மாட்டேன். மச்சான் ஏதாவது அனுப்பத்தான் போகிறார் என்றால், சுப்பர் நிண்டெண்டோ கொன்ட்ரோலருக்கான மாற்று இறப்பர்த் தொகுதி ஒன்றைக் கேளுங்கள். அமெரிக்க, ஐரோப்பிய, யப்பானிய அசல்களுக்கு ஒரே தொகுதிதான் விற்கப்படுகிறது, விலையும் அற்பம், சாதாரண அஞ்சல் உறையிலேயே வந்து சேரும். அது வரும்வரை புறக்கோட்டைக் கொன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் நாடா ஒட்டி இரண்டாவது ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.